தாடி வீங்கிய வெடைக்கோழி

கார்த்திகை மழை சற்று விட்டிருந்த ஒரு காலையில் குருணை இறைக்கப் போனவன், எங்கள் வெடைக்கோழியின் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். அலகுக்குக் கீழே இரண்டு பக்கமும் தொங்குகிற சிவப்புச் சதை இருக்கிறதே, தாடி என்று சொல்வோமே, அது வீங்கியிருந்தது. மற்ற நாளில் அவள் தலையை ஆட்டினால் அது செம்பருத்தி இதழ் மாதிரி மெல்லிசாக ஆடும். அன்றைக்கு உப்பிப் போய், ஆடாமல் அசையாமல், நாவற்பழ நிறத்துக்கு மாறப் பார்த்தது. மற்றக் கோழிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு குருணை பொறுக்க, இவள் மட்டும் ஒரு மணியைக் கொத்துவதும் கழுத்தை நீட்டி விழுங்குவதுமாக ஓரத்தில் நின்றாள்.

நான் பயந்த சுபாவம். சாலை வரை போய்விட்டு, கேஸை அணைத்தோமா என்று திரும்பி வந்து பார்க்கிறவன். வீட்டுக்காரர் போன் செய்தால், எடுப்பதற்குள் வீட்டைக் காலி செய்து சாமான்களையும் ஏற்றி முடித்திருப்பேன், மனசுக்குள். ஆனால் அன்றைக்கு நான் பயந்தது கோழிக்காக இல்லை.

என் பெண் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டாம் மாதம். வந்த நாளிலிருந்து தினமும் காலையில் அவளுக்கு எங்கள் கோழி முட்டையில் ஒரு ஆஃப்பாயில். மஞ்சள் கரு உடைந்து தட்டில் ஓடவேண்டும், மேலே மிளகுத்தூள் தூவியிருக்கவேண்டும், அப்போதுதான் அவளுக்கு இறங்கும். இந்த வெடைக்கோழி அப்போதுதான் முட்டையிட ஆரம்பித்திருந்தது. முதல் முட்டையிலிருந்து எல்லாமே அவளுக்குத்தான் போயிருந்தது. நான்தான் ஒவ்வொன்றையும் சூடு ஆறுவதற்குள் எடுத்துவந்து கொடுத்தேன்.

பக்கத்து மாநிலத்தில் எங்கோ பறவைக் காய்ச்சல் என்று டீக்கடை டி.வி.யில் முந்தின வாரம்தான் காட்டினார்கள். வெள்ளை உடுப்பில் தலை முதல் கால் வரை மூடிக்கொண்ட ஆட்கள், கோழிகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று காலை கோழி அடைப்பில் கிடந்த முட்டைகளை எடுத்து, தவிட்டு வாளிக்குள் ஒளித்துவைத்தேன். சமையல்கட்டில் என் மனைவி தோசைக்கல்லைப் போட்டுவிட்டுக் கையை நீட்டினாள்.

"இன்னிக்கு முட்டை இல்லம்மா" என்றேன்.

"எல்லாக் கோழியும் சொல்லி வச்ச மாதிரி லீவு போட்டுடுச்சா?"

"மழை இல்லியா. அதான்."

என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் பொய் சொல்வது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பெண் பக்கத்தில் இருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. நான் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

காந்தி மார்க்கெட்டில் எனக்கு வாழை இலைக் கடை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவுக்குத் துணையாக உட்கார்ந்த இடம். இலைக்கட்டைத் தொட்டாலே கிழிசல் எத்தனை தேறும் என்று சொல்லிவிடுவேன். மற்ற விஷயங்களில் யாராவது விளங்கச் சொன்னால்தான் உண்டு. அன்றைக்கு வியாபாரம் ஓடவில்லை. போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, "கோழி தாடி வீக்கம்" என்று சொன்னேன். படம் படமாக வந்தது. எல்லாப் படமும் எங்கள் கோழி மாதிரியே இருந்தது. கீழே போட்டிருந்த எழுத்தைப் படிக்கத் தைரியம் வராமல் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பின்பக்கச் சந்தில் உயிர்க்கோழி விற்கிற பாய் எனக்குப் பழக்கம். என்னைவிடச் சின்னவர். கல்யாணச் சமையல்காரர்கள் வந்தால் அவர் என் கடையைச் சொல்லுவார், நான் அவர் கடையைச் சொல்லுவேன். போய் நின்றேன்.

"என்னண்ணே, மூஞ்சியே சரியில்ல?"

"என் மூஞ்சி இருக்கட்டும் பாய். கோழி மூஞ்சி வீங்கியிருக்கு."

விஷயத்தைச் சொன்னேன். பாய் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?"

"ரெண்டு பக்கமும்."

"ஒரு பக்கம்னா இன்னொரு கோழி கொத்தியிருக்கும், இல்ல முள்ளு ஏறியிருக்கும். மூக்குல தண்ணி ஒழுகுதா? ஒழுகினா மோந்து பாருங்க. நாத்தம் அடிச்சா சளி. பொருக்குப் பொருக்கா இருந்தா அம்மை, மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் போடுங்க. பூச்சி கடிச்சிருந்தா ரெண்டு நாள்ல தானா வத்திடும். பச்சையா கழியுதா?"

"கழிஞ்சா?"

"கழிஞ்சு, மத்ததும் ஒண்ணொண்ணா தலையத் தொங்கப்போட்டா அது பெரிய வியாதி. அப்ப என்கிட்ட வராதீங்க, டாக்டர்கிட்ட போங்க. என் கடைப் பக்கமே வராதீங்க."

கடைசியைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் நான் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றேன். என் சட்டையில் என்னென்ன ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதோ யார் கண்டது.

"அட, வெளையாட்டுக்குச் சொன்னேண்ணே. இன்ஷா அல்லாஹ், ஒண்ணும் இருக்காது. போய்ப் பாருங்க" என்றார் பாய்.

மத்தியானமே கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பினேன். காவேரிப் பாலத்தில் போகும்போது தண்ணீர் இரண்டு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. பார்க்கிற மனநிலையில் நான் இல்லை. எங்கள் வீடு ஸ்ரீரங்கத்திலேயே மேலூர்ப் பக்கம், வாழைத்தோப்பு ஓரத்தில். பின்னால் கொஞ்சம் இடம் உண்டு. அங்கேதான் அடைப்பு. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டேன். இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பைகளை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டேன். மெதுவாக வெடைக்கோழியைப் பிடித்து மடியில் வைத்தேன். அவள் திமிறவில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

பாய் சொன்னதையெல்லாம் பார்த்தேன். கொத்தின காயம் இல்லை. முள் இல்லை. பொருக்கு இல்லை. அடைப்புத் தரையைக் குனிந்து குனிந்து பார்த்தேன், எச்சம் எப்போதும் போலத்தான் இருந்தது. மூக்கு காய்ந்திருந்தது. இருந்தாலும் மோந்து பார்க்கச் சொன்னாரே. துண்டை இறக்கிவிட்டு, கோழியை முகத்துக்கு நேரே தூக்கி, அலகுக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனேன்.

"அப்பா, கோழிக்கு முத்தம் குடுக்கறீங்களா?"

பின்கதவில் என் பெண் நின்றுகொண்டிருந்தாள். வயிற்றின் மேல் ஒரு கை, கதவில் ஒரு கை, முகமெல்லாம் சிரிப்பு. இந்த வெடைக்கோழி என்றால் அவளுக்கு உயிர். ஆடி மாதம் அவளை அழைத்துவந்தபோது குஞ்சுப் பருவம் தாண்டி இது நெட்டைக் காலோடு ஓடிக்கொண்டிருந்தது. இவள் பின்னாலேயே சுற்றும். "என்னாச்சு அதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே படியில் இறங்கினாள்.

"கிட்ட வராதே!" என்று கத்திவிட்டேன்.

அவளை நான் அதட்டியதே கிடையாது. அவள் காலை அப்படியே மேல்படிக்கு எடுத்துக்கொண்டாள். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. திரும்பி உள்ளே போய்விட்டாள். கையில் பிளாஸ்டிக் பையும் மடியில் கோழியுமாக நான் உட்கார்ந்திருந்தேன்.

என் மனைவி வந்தாள். "என்ன கோலம் இது? எதுக்கு அவள வெரட்டினீங்க?"

சொன்னேன். டி.வி.யில் பார்த்தது, போனில் பார்த்தது, பாய் சொன்னது, தவிட்டு வாளி எல்லாம் சொன்னேன். "நான்தான் குடுத்தேன். சுடச்சுடக் கொண்டுவந்து குடுத்தேன். அவளுக்கோ குழந்தைக்கோ ஒண்ணுன்னா மாப்பிள்ளை வீட்ல என்ன சொல்றது?"

என் மனைவிக்கும் ஒரு நொடி முகம் மாறியது. ஆனால் அவள் என்னைப் போல இல்லை. கோழியைக் குனிந்து பார்த்தாள். மற்றக் கோழிகளைப் பார்த்தாள். அவை வாழைக்கட்டை அடியில் மண்ணைக் கிளறிக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"நம்ம பொண்ணுக்குக் காய்ச்சல் இருக்கா? இருமல் இருக்கா? மத்தியானம் ரசம் ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டா. இங்க பயந்துக்கிட்டே உக்காந்திருக்கறதுக்கு, இத டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்து பயப்படுங்க."

"இப்ப மூடியிருக்கும்."

"காலையில போங்க. முதல்ல கையக் கழுவுங்க."

சாயங்காலம் பெண் என்னோடு பேசவில்லை. சாப்பிடும்போது அம்மாவிடம் மட்டும், "அவர வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லிடவா? இங்க கோழிக்கு இருக்கற கவனிப்புகூட எனக்கு இல்ல. ஒரு முட்டை கேட்டா அப்பா மழைங்கறாரு. தவிட்டு வாளில நாலு முட்டை இருக்கு" என்றாள். நான் தட்டிலிருந்ததை அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன். பதில் சொன்னால் காரணத்தையும் சொல்லவேண்டும். வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் பறவைக் காய்ச்சல் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

காலையில் முதல் ஆளாகக் கால்நடை ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். கோழி ஒயர் கூடைக்குள். கூடை மேல் ஈரத் துண்டு. எனக்குப் பின்னால் ஒரு பசுமாடும், மாட்டுக்காரரும். அவர் கூடையை எட்டிப் பார்த்து, "ஒரு கோழிக்கா இவ்வளவு தூரம்? குழம்பு வச்சிருக்கலாமே" என்றார். "கிட்ட வராதீங்க" என்றேன் அவரிடமும்.

டாக்டரம்மா சின்ன வயசு. மேசை மேல் கூடையை வைத்ததும் நான் சொல்லிவிட்டேன், "பறவைக் காய்ச்சலுங்க."

"நீங்களே கண்டுபிடிச்சுட்டா நான் எதுக்குங்க இருக்கேன்? எத்தனை கோழி இருக்கு வீட்ல?"

"ஆறு."

"மத்தது எப்படி இருக்கு? ஏதாவது செத்துச்சா? படுத்துடுச்சா?"

"இல்லீங்க. அதெல்லாம் சண்டை போட்டுக்கிட்டு இருக்கு."

"சண்டை போட்டா நல்லதுதான். இது தீனி எடுக்குதா?"

"எடுக்குதுங்க. ஆனா விழுங்கத்தான் கஷ்டப்படற மாதிரி இருக்கு. கழுத்த நீட்டி நீட்டி..."

டாக்டரம்மா உறை மாட்டின கையால் கோழியின் தலையைத் திருப்பினார். கண்ணைப் பார்த்தார். அலகைத் திறந்து உள்ளே பார்த்தார். மூக்கை அழுத்திப் பார்த்தார். தாடியை விரலால் மெல்ல அமுக்கினார். "கல்லு மாதிரி இல்ல. நீர் கோத்த மாதிரி இருக்கு. காயமும் இல்ல" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். அவர் விரல்கள் தாடையிலிருந்து கீழே இறங்கின. கழுத்து இறகுகளை எதிர்ப்பக்கமாகத் தடவிக்கொண்டே போனவர், ஓரிடத்தில் நிறுத்தினார். மறுபடி தடவினார்.

"இங்க வாங்க. இது என்னது?"

இறகைப் பிளந்து காட்டினார். கழுத்தைச் சுற்றி, தோலுக்குள் பதிந்துபோய், அழுக்கேறின ஒரு நூல். ஒரு பக்கத்தில் முடிச்சு. முடிச்சுக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் நிறம் மிச்சம் இருந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபம் படித்துறையில் காவேரிக்குப் படைத்துவிட்டு, என் மனைவியும் பெண்ணும் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்தார்கள். எனக்கு மணிக்கட்டில் ஒன்று. மொபெட் கைப்பிடியில் ஒன்று. கையில் ஒரு கயிறு மீந்தது. "வீட்ல இன்னொரு பொண்ணு இருக்காளே, அவளுக்கு?" என்று என் பெண் இந்த வெடைக்கோழியைப் பிடித்துக் கழுத்தில் கட்டினாள். என் மனைவி அட்சதை போட்டாள். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அப்போது அது தொளதொளவென்று கிடந்தது. பிறகு இறகு வளர்ந்து மூடிக்கொண்டது, கோழியும் வளர்ந்துவிட்டது. கயிறு மட்டும் அப்படியே இருந்திருக்கிறது. என்னுடையதை எப்போது கழற்றினேன் என்பதே நினைவில்லை. இதை யார் நினைத்தார்கள்?

"மேல வந்த ரத்தம் கீழ எறங்க வழியில்ல. அதான் தாடியெல்லாம் நீர் கோத்து வீங்குது, நிறம் மாறுது. கோழி வளர வளர இறுக்கியிருக்கு. காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே டாக்டரம்மா கத்தரியை எடுத்தார்.

"காய்ச்சல் இல்லீங்களா?"

"இல்லீங்க."

நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். உடம்பெல்லாம் லேசாகி, அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் ஏதோ வந்தது. வந்த வேகத்திலேயே, அவர் கையில் திறந்திருந்த கத்தரி கண்ணில் பட்டது.

"டாக்டரம்மா, ஒரு நிமிஷம்!"

"என்ன?"

"அது மஞ்சக் கயிறுங்க."

"தெரியுது."

"எம் பொண்ணு கட்டினதுங்க. அவ இப்ப எட்டு மாசம். புதுசு கட்டாம பழசு அறுக்கக்கூடாதுங்க. எங்க வீட்ல பொம்பளைங்க கயிறு மாத்தினாகூட புதுசக் கட்டிட்டுத்தான் பழசக் கழட்டுவாங்க. இத வெறும் கழுத்தோட விட்டா, எனக்கு..."

கோழிக்கும் என் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். கத்தரியை மூடினார்.

"அஞ்சு நிமிஷத்துல வாங்க. வெளிய மாடு நிக்குது. புதுசு கால்ல கட்டுங்க, கழுத்துல வேணாம். லூசா கட்டுங்க."

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். தெருமுனையில் பூக்காரம்மா உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, மஞ்சக் கயிறு ஒண்ணு. சீக்கிரம்."

"யாருக்குங்க? ஆளுக்கேத்த மாதிரி நீளம் பாத்துத் தரேன்."

"கோழிக்கு."

பூக்காரம்மா ஒரு கண நேரம் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "மாப்பிள்ளை யாரு, சேவலா? முகூர்த்தம் பாத்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே கயிற்றை எடுத்துக்கொடுத்தார். அன்றைக்கு யார் கேலி செய்தாலும் எனக்கு இனிப்பாகத்தான் இருந்தது.

நான் மூச்சிரைக்க வந்து நின்றபோது மாட்டுக்காரரும் உள்ளே வந்திருந்தார். அவர்தான் கோழியின் காலைப் பிடித்துக்கொண்டார். சமயபுரத்தாளை நினைத்துக்கொண்டு புதுக் கயிற்றைக் காலில், டாக்டரம்மா விரல் விட்டுப் பார்க்கிற அளவுக்குத் தளர்வாகக் கட்டினேன். பிறகுதான் அவர் பழசை வெட்டினார். தோலிலிருந்து பிரித்தெடுக்கச் சிரமமாக இருந்தது. கோழி ஒரு தடவை கத்திற்று. கயிறு வெளியே வந்ததும் தலையை உதறி, கழுத்தை முழுசாக நீட்டி, எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தது. "இப்பக்கூட குழம்புக்குத் தோதுதான்" என்றார் மாட்டுக்காரர்.

புண்ணைக் கழுவி மருந்து தடவும்போது, நான் கேட்க வந்ததைக் கேட்டேன். "இதோட முட்டைய எம் பொண்ணு தெனம் சாப்பிட்டாளுங்க. குழந்தைக்கு ஒண்ணும்..."

"கயிறு இறுக்கினதுக்கும் முட்டைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. பயப்படாதீங்க. எப்படிச் சாப்பிட்டாங்க? வேகவச்சா?"

"ஆஃப்பாயில்."

"அது மட்டும் வேண்டாம். எந்தக் கோழி முட்டையா இருந்தாலும் சரி, மாசமா இருக்கறவங்களுக்கு மஞ்சக்கரு கெட்டியாகற வரைக்கும் வேகணும். சந்தேகமா இருந்தா அடுத்த தடவ அவங்க டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கோங்க. அப்புறம், இதுக்கு மருந்து குடுக்கறேன். நான் சொல்ற வரைக்கும் இதோட முட்டைய யாரும் சாப்பிடக்கூடாது. மத்த கோழி முட்டை சாப்பிடலாம்."

திரும்பி வரும்போது ராஜகோபுரத்தை நிமிர்ந்து பார்த்தேன். எத்தனையோ நாள் அதைக் கடந்து போகிறேன், நிறம் எல்லாம் இவ்வளவு பளிச்சென்று இருக்கும் என்று நினைவில்லை. வீட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்துவதற்குள்ளேயே, "ஒண்ணுமில்ல! ஒண்ணுமே இல்ல!" என்று சத்தம் போட்டேன். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

நான் போனதும் என் மனைவி பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள். அவள் வாசலுக்கு வந்தாள். முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. கயிற்று விஷயத்தை நான் சொன்னதும் கூடையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"நான் கட்டினதா? நானா அதைக் கொல்லப் பாத்தேன்?" கண் நிறைந்துவிட்டது.

"சாகலியே. முறைக்கிறா பாரு."

"நீங்க என்னப் பத்தி பயந்துக்கிட்டு இருந்தீங்க. நான் உங்கள கஞ்சன்னு நெனச்சேன்."

"அதுவும் உண்மைதான்" என்றாள் என் மனைவி. "அந்தக் கோழிக்குப் புடவை மட்டும்தான் பாக்கி. ஆஸ்பத்திரியில கயிறு கட்டி வச்சிருக்காரு பாரு மனுஷன்."

பெண் அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு கூடையின் முன்னால் மெதுவாக உட்கார்ந்து, காலில் இருந்த கயிற்றுக்குள் தன் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். தளர்வாக இருக்கிறதா என்று பார்த்தாள் போலிருக்கிறது. பயப்படுவது என்னிடமிருந்து அவளுக்கும் வந்திருக்கிறது.

வீக்கம் உடனே இறங்கிவிடவில்லை. முதலில் கருமை குறைந்தது. பிறகு ஒரு காலையில் வெடைக்கோழி தலையை ஆட்டியபோது தாடியும் கூட ஆடியது. தீனிக்கு மற்றக் கோழிகளோடு முட்டி மோத ஆரம்பித்தாள். அவளுடைய முட்டையை டாக்டரம்மா சொன்னபடி தனியாக எடுத்துத் தென்னை மரத்தடியில் புதைத்தேன். மற்றக் கோழிகளின் முட்டையை நானே சட்டியில் போட்டு, அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

"எறக்குங்க. கல்லாயிடும்" என்றாள் என் மனைவி.

"ஆகட்டும்."

உரித்து, நான்காக வெட்டி, மிளகுத்தூள் தூவிக் கொடுத்தேன். மஞ்சள் கரு பொடிப்பொடியாக உதிர்ந்தது. "ஓடவே மாட்டேங்குதேப்பா" என்று பெண் முகத்தைச் சுளித்தாள். நான் நகரவில்லை. அவள் ஒவ்வொரு துண்டாக எடுத்துச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு எதிரிலேயே நின்றேன். கடைசித் துண்டையும் வாயில் போட்டுக்கொண்டு, தட்டை என் பக்கம் நீட்டினாள்.

"இன்னொண்ணு இருக்காப்பா?"